முதல் பெரிய லெகோ செட்: பெட்டி வாங்குவது முதல் தூசி துடைப்பது வரை

கறுப்புப் பெட்டி, மூலையில் 18+ என்ற எண். ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் பிளாஸ்டிக் துண்டுகளுக்குப் பேர்போன லெகோ நிறுவனம், 2020இலிருந்து பெரியவர்களுக்கான செட்டுகளை இப்படித்தான் விற்கிறது. குழந்தைகள் தொடக்கூடாது என்று அதற்கு அர்த்தம் இல்லை. உள்ளே இருக்கும் வேலை பெரியவர்களின் பொறுமையையும் ரசனையையும் மனதில் வைத்து அமைக்கப்பட்டது என்பதன் அடையாளம் அது. ஈபிள் கோபுரப் பெட்டியில் 10,001 துண்டுகள் இருக்கின்றன. கட்டி முடித்தால் 149 சென்டிமீட்டர், ஏழாம் வகுப்புப் பிள்ளையின் உயரம். டைட்டானிக் கப்பலில் 9,090 துண்டுகள், நீளம் 135 செ.மீ.

இந்தப் பெட்டிகளைப் பார்க்கிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "புத்தகத்தில் போட்டிருக்கிறபடி வைக்கப் போகிறோம். அதில் நமக்கு என்ன இருக்கிறது?" நியாயமான கேள்வி. கீர்த்தனை பாடம் பண்ணுகிறவர் புதிதாக எதையும் இயற்றுவதில்லை. ஆனாலும் பாடப் பாட ராகம் பிடிபடுகிறது. இதுவும் அப்படித்தான். சதுரத் துண்டுகளை வைத்து வட்டத்தை எப்படிக் கொண்டுவந்தார்கள், ஒரு மீட்டர் உயரத்தில் நிற்கும் பொருள் ஏன் சாயவில்லை என்பதெல்லாம் விரல் வழியாகப் புரிகிறது. அவசரமாகக் கட்டினால் அது கை நழுவிப் போகும். கீழே சொல்லியிருக்கும் ஏற்பாடுகள் எல்லாமே அதை நழுவ விடாமல் கட்டுவதற்குத்தான்.

எதை வாங்குவது

முதல் செட் 600இலிருந்து 1,000 துண்டுகளுக்குள் இருக்கட்டும். நான் யாருக்கும் முதலில் சொல்வது 2021இல் வந்த போன்சாய் மரம், 878 துண்டுகள். இல்லையென்றால் ஆர்க்கிட் பூச்செடி, 608 துண்டுகள். போன்சாயைக் குறிப்பாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. அதில் பச்சை இலைகளைக் கழற்றிவிட்டு இளஞ்சிவப்புச் செர்ரிப் பூக்களை மாட்டலாம். அந்தப் பூக்களில் ஒன்றைக் கையில் எடுத்துக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு கண், மடக்கிய கால்கள். தவளை! குளம், காடு போன்ற செட்டுகளில் உட்கார வைக்கும் அதே தவளைத் துண்டைப் பூ நிறத்தில் வார்த்து, கிளை நிறையச் சொருகிவிட்டார்கள். நாலடி தள்ளி நின்றால் மரம் பூத்துக் குலுங்குகிறது. ஒரு துண்டு எதற்காகப் பிறந்ததோ அதை விட்டுவிட்டு இன்னொன்றாகப் பார்க்கிற கண் தான் இந்தப் பொழுதுபோக்கின் உயிர். அதை முதல் பெட்டியிலேயே காட்டிவிடுகிறது போன்சாய்.

அடுத்த கட்டமாக 2,000 துண்டுகள் பக்கம் போகலாம். கட்டடக்கலை வரிசையில் வந்த சிறிய தாஜ் மகாலில் 2,022 துண்டுகள். அதற்குப் பிறகு மர வீடு, 3,036 துண்டுகள். அந்த மர வீட்டின் இலைகள் கரும்பிலிருந்து எடுத்த எத்தனாலைக் கொண்டு தயாரித்த பாலிஎத்திலீன். தொட்டுப் பார்த்தால் மற்ற துண்டுகளைவிடக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

துண்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். உலக வரைபட செட்டில் 11,695 துண்டுகள் இருக்கின்றன, ஈபிள் கோபுரத்தைவிட அதிகம். ஆனால் அதில் பெரும்பகுதி கோலப்புள்ளி மாதிரி குட்டி வட்டங்களை ஒவ்வொன்றாகப் பதிக்கும் வேலை. மனதை அமைதிப்படுத்தும், ஆனால் கட்டுமான நுட்பம் என்று பெரிதாக எதுவும் கிடைக்காது. 9,036 துண்டுகள் கொண்ட ரோமின் கொலோசியத்தில் அதே வளைவை மறுபடி மறுபடி கட்டியாக வேண்டும். மாறாக, நிலவுக்கு மனிதனைக் கொண்டுபோன சாட்டர்ன் வி ராக்கெட்டின் செட்டில் வெறும் 1,969 துண்டுகள்தான். மனிதன் நிலவில் கால் வைத்த ஆண்டும் அதுதான், வேண்டுமென்றே அப்படி அமைத்தார்கள். அந்த ஒரு ராக்கெட் எனக்குக் கற்றுக்கொடுத்ததை அதைவிடப் பல மடங்கு பெரிய பெட்டிகள் கற்றுக்கொடுக்கவில்லை.

பணம் கட்டுவதற்கு முன் இரண்டு அளவு எடுத்துவிடுங்கள். ஒன்று, முடித்த பிறகு எங்கே வைப்பது என்ற அளவு. டேப்பை எடுத்து அலமாரியை அளந்து பாருங்கள். டைட்டானிக் மூன்று பகுதியாகப் பிரியும் என்றாலும், ஒட்டி நின்றால்தான் அழகு. அதற்கு ஒன்றரை மீட்டர் தட்டு வேண்டும். இன்னொன்று நேரம். நிதானமாகக் கட்டினால் எனக்கு மணிக்குச் சுமார் 200 துண்டுகள் ஆகும். அந்தக் கணக்கில் 3,000 துண்டுக்கு 15 மணி நேரம், டைட்டானிக்குக்கு 45 மணி நேரம். தினமும் ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிய விஷயம் என்றால், ஒன்றரை மாதம் உங்கள் மேசை ஒன்று நிரம்பியே இருக்கும். வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. இங்கே பெட்டி விலை கண்ணைக் கட்டுவதற்கு இது ஒரு பெரிய காரணம். அதனால் சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வரும் உறவினரிடம் வாங்கிவரச் சொல்வது நம் பக்கம் வழக்கம். அப்படிச் சொல்வதென்றால், பெட்டியை அங்கேயே பிரித்து, உள்ளே இருக்கும் பைகளையும் புத்தகத்தையும் ஸ்டிக்கர் தாளையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அட்டையைத் தட்டையாக மடித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். பெட்டிக்குள் கணிசமான இடம் காற்றுதான்.

இன்னொரு குழப்பமும் புதியவர்களுக்கு வரும்: லெகோ மாதிரியே இருக்கும் மலிவான செட்டுகள். பிரிக் என்ற செங்கல் வடிவத் துண்டின் இன்றைய அமைப்புக்கு 1958 ஜனவரி 28 அன்று டென்மார்க்கில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். அந்த உரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. பிரிக்கின் வடிவத்தையே வணிகச் சின்னமாக வைத்துக்கொள்ள முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் சொல்லிவிட்டது. ஆகவே வேறு நிறுவனங்கள் சொந்தமாக வடிவமைத்து, பொருந்தும் துண்டுகளோடு செட் விற்பது தவறு இல்லை. ஒருவருடைய செட்டையும் பெட்டிப் படத்தையும் அப்படியே நகலெடுத்து விற்பது வேறு கதை, அதை வாங்காதீர்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று நானும் ஒருமுறை அப்படி ஒன்றை வாங்கினேன். நாற்பதாவது படியில் சுவர் பிதுங்கத் தொடங்கியது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு மயிரிழை அதிகம் என்றால் முப்பது துண்டு சேரும்போது அது கண்ணுக்குத் தெரிகிற இடைவெளியாகிவிடும்.

மேசை, விளக்கு, மின்விசிறி

நாலடிக்கு இரண்டடி மேசை போதும். தரையில் உட்கார்ந்து கட்டலாம் என்று நினைக்க வேண்டாம், ஒரு மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மேசைமேல் வெளிர் நிறத்தில் ஒரு பருத்தித் துணி விரியுங்கள். துண்டு விழுந்தால் துள்ளாது, உருளாது, சத்தமும் வராது.

விளக்குக்குத்தான் நான் அதிகம் மன்றாடுவேன். கருநீலமும் கறுப்பும், இரண்டு வகைச் சாம்பலும், இரண்டு வகைப் பழுப்பும் மஞ்சள் வெளிச்சத்தில் ஒன்றுபோலவே தெரியும். பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை எல்.இ.டி. விளக்கு ஒன்றைப் பக்கவாட்டிலிருந்து விழும்படி வையுங்கள். ராத்திரி பதினொரு மணிக்குக் கறுப்புத் துண்டுகள் நிறைந்த பையைத் திறக்காமல் இருப்பது இன்னும் நல்லது.

மின்விசிறி துண்டுகளைத் தூக்காது, ஆனால் ஸ்டிக்கர் தாளைப் பறக்கவிடும். மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீடு என்றால் கதவு சாத்திய அறை கட்டாயம். மிளகளவுத் துண்டுகள் வாய்க்குள் போனால் ஆபத்து. எழுந்திருக்கும்போது ஒவ்வொரு முறையும் மேசையைச் சுற்றித் தரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போங்கள்.

பையைத் திறப்பது

உள்ளே இருக்கும் பைகளில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். ஒரே எண்ணில் இரண்டு மூன்று பைகள் இருக்கலாம், அவற்றைச் சேர்த்தே திறக்க வேண்டும். ஆனால் அடுத்த எண்ணைத் தொடக்கூடாது. ஆர்வத்தில் எல்லாவற்றையும் ஒரே தாம்பாளத்தில் கொட்டியவர்களை எனக்குத் தெரியும். ஒரு துண்டைத் தேட ஐந்து நிமிடம் என்று ஆகி, கடைசியில் செட்டைத் திரும்பப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிட்டார்கள்.

கொட்டிய துண்டுகளை எப்படிப் பிரிப்பது? எல்லோரும் முதலில் நிறவாரியாகப் பிரிப்பார்கள். நான் வடிவவாரியாகப் பிரிக்கச் சொல்வேன். கலந்து கிடக்கும் குவியலில் சிவப்பைக் கண் உடனே கண்டுபிடிக்கும். ஆனால் சிவப்பு மட்டுமே கிடக்கும் குவியலில் ஒரு குறிப்பிட்ட வடிவத்தைக் கண்டுபிடிக்கத் திணறும். நீளத் துண்டுகள் ஒரு பக்கம், தட்டையானவை ஒரு பக்கம், வளைவுகள் ஒரு பக்கம். குட்டித் துண்டுகளுக்கு அஞ்சறைப் பெட்டியை மிஞ்சிய சாதனம் இல்லை. ஏழு கிண்ணம், நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, தனியாகத் தூக்கிச் சாய்க்கலாம். நான் இதற்கென்றே எவர்சில்வரில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

காலிப் பையைத் தூக்கிப் போடுவதற்கு முன் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒருமுறை ஒளி ஊடுருவும் குட்டித் துண்டு ஒன்று இல்லை என்று இரண்டு நாள் தேடினேன். மாற்றுத் துண்டு கேட்டு எழுதவும் உட்கார்ந்துவிட்டேன். குப்பைக் கூடையில் கிடந்த பையின் மூலைமடிப்பில் ஒட்டிக்கொண்டு இருந்தது அது. அன்றிலிருந்து ஒரு செட் முடியும்வரை அதன் காலிப் பைகளை ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறேன். நிஜமாகவே துண்டு இல்லை என்றால் கவலைப்பட வேண்டாம். நிறுவனத்தின் இணையதளத்தில் செட் எண்ணையும், புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் துண்டின் எண்ணையும் கொடுத்துக் கேட்கலாம்.

ஒவ்வொரு பை முடியும்போதும் சில குட்டித் துண்டுகள் மிஞ்சும். எதையோ விட்டுவிட்டோம் என்று நெஞ்சு பதற வேண்டாம். குறைந்துவிடக்கூடாது என்பதற்காகச் சின்னத் துண்டுகளில் ஒன்று கூடுதலாகவே வருகிறது. பெரிய துண்டு மிஞ்சினால் மட்டும் பின்னால் புரட்டிப் பாருங்கள்.

ஐந்து பிளேட்டும் இரண்டு குமிழும்

இது கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி. கையில் சில துண்டுகள் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

துண்டின் தலையில் இருக்கும் வட்ட மேட்டை ஸ்டட் என்பார்கள், நான் குமிழ் என்றே சொல்கிறேன். ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு 8 மில்லிமீட்டர். பிரிக் என்பது 9.6 மி.மீ. உயரம். பிளேட் என்பது அதில் மூன்றில் ஒரு பங்கு, 3.2 மி.மீ. குமிழே இல்லாத வழவழப்பான பிளேட்டுக்கு டைல் என்று பெயர். இந்த நாலு சொல் தெரிந்தால் போதும், யாருடனும் இதைப் பற்றிப் பேசலாம். அடியில் இருக்கும் எண்ணையும் பார்த்துப் பழகுங்கள். இரண்டுக்கு நாலு பிரிக்கின் உட்புறத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் 3001 என்று பொடியாக எழுதியிருக்கும். உதிரித் துண்டு வாங்க அந்த எண்தான் விலாசம்.

சரி, இப்போது ஐந்து பிளேட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள், உச்சியில் இருப்பது மட்டும் குமிழ் இல்லாத டைலாக இருக்கட்டும். 3.2ஐ ஐந்தால் பெருக்கினால் 16. இரண்டு குமிழ் அகலமும் 16. அதாவது ஐந்து பிளேட் அடுக்கைப் படுக்கப் போட்டால் இரண்டு குமிழ் அகலமுள்ள பள்ளத்தில் கச்சிதமாக உட்காரும், விரல் நுனியில் தடவினால் படியே தெரியாது. இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் பெரிய செட்டுகளில் முக்கால்வாசி வித்தையும் நடக்கிறது. துண்டுகளை மேல்நோக்கி மட்டும் அடுக்காமல், பக்கவாட்டில் குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும் துண்டுகளை உள்ளே வைத்து, அதன்மேல் சுவரை வெளியிலிருந்து ஒட்டுவது. ஸ்னாட் (SNOT) என்று இதற்கு ஒரு பெயர் உண்டு, குமிழ் மேலே இல்லாத கட்டுமானம் என்று பொருள்.

சாட்டர்ன் வி ராக்கெட்டில் இதைப் பார்க்க வேண்டும். ஒரு மீட்டர் உயர உருளை அது. உள்ளே இருப்பதோ சதுரத் தூண். கட்டத் தொடங்கும்போது சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக, ராக்கெட்டுக்குச் சம்பந்தமே இல்லாத நிறத்தில் ஒரு தண்டு எழும்பும். வெளியே தெரியாத பாகங்களுக்கு வேண்டுமென்றே பளிச்சென்ற நிறம் கொடுப்பார்கள், எந்தப் பக்கம் எது என்று நாம் குழம்பாமல் இருப்பதற்கு. தண்டின் பக்கங்களில் எல்லாம் குமிழ்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் வளைந்த வெள்ளைப் பலகைகளைத் தனியாகக் கட்டி, ஒவ்வொன்றாகச் சுற்றிலும் அழுத்த வேண்டும். கடைசிப் பலகை உட்கார்ந்ததும் சதுரம் காணாமல் போய் உருளை மட்டும் நிற்கும். முதல் முறை அது நடந்தபோது ராக்கெட்டைக் கையில் எடுத்து, மூடிய பலகையை மறுபடி கழற்றி, உள்ளே பார்த்துவிட்டு மூடினேன். அப்படிக் கழற்றிப் பார்ப்பது நேர விரயம் இல்லை.

புத்தகத்தைப் படிக்கும் விதம்

வழிமுறைப் புத்தகத்தின் படிகளில் பெரும்பாலும் எழுத்து இருக்காது, படம்தான். ஒவ்வொரு படிக்கும் மேலே ஒரு கட்டத்தில் என்னென்ன துண்டு, எத்தனை என்று இருக்கும். வரிசை இதுதான்: முதலில் கட்டத்தில் உள்ளதை எல்லாம் எடுத்துக் கையருகே வையுங்கள். அப்புறம் படத்தைப் பாருங்கள். வைத்து முடித்ததும் கை காலியாக இருக்க வேண்டும். ஒரு துண்டு மிஞ்சினால் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பல புத்தகங்களில் புதிதாகச் சேர்க்கும் துண்டைச் சுற்றிப் பளிச்சென்று கோடு போட்டிருப்பார்கள். ஆனால் ஒன்றுக்குப் பின்னால் ஒன்று மறைந்திருந்தால் அந்தக் கோடும் கண்ணுக்குத் தப்பும்.

இடத்தைக் கண்ணால் அளக்காதீர்கள், எண்ணுங்கள். ஓரத்திலிருந்து எத்தனை குமிழ் தள்ளி என்று விரலால் தொட்டு எண்ண இரண்டு நொடி ஆகும். அந்த இரண்டு நொடியைச் சேமிக்கப் பார்த்து நான் ஒரு முழுச் சனிக்கிழமை மாலையை விட்டிருக்கிறேன். அதே ராக்கெட்டில் நடுப்பகுதி. பக்கக் குமிழ் உள்ள ஒரு துண்டை ஒரு குமிழ் தள்ளி வைத்துவிட்டேன். அப்போது எதுவும் தெரியவில்லை, அடுத்த முப்பது நாற்பது படிகள் தடையில்லாமல் ஓடின. பலகையை மாட்டும்போது மூன்று பக்கம் உட்கார்ந்தது, நாலாவது உட்காரவில்லை. பலகைதான் தப்பு என்று அதை இரண்டு முறை பிரித்துக் கட்டினேன். தப்பு தெரிகிற இடம் வேறு, நடந்த இடம் வேறு.

அப்படி மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியது இது. உட்காராத இடத்தை அழுத்தி நெருக்காதீர்கள். புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டுங்கள், படிப்படியாக அல்ல, பத்துப் பத்தாக. ஒவ்வொரு நிறுத்தத்திலும் படத்தையும் கையில் உள்ளதையும் ஒரே கோணத்தில் பிடித்து ஒப்பிடுங்கள். எதிரெதிர்ப் பக்கங்கள் ஒன்றுபோல இருக்க வேண்டிய கட்டுமானம் என்றால் இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள், வித்தியாசம் தானாகத் துருத்திக்கொண்டு நிற்கும். எங்கே பிழை என்று தெரிந்த பிறகு பிரியுங்கள். பெரும்பாலும் முழுவதையும் பிரிக்க வேண்டி வராது, ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும்.

சுழலும் அம்பு போட்டிருந்தால் கட்டுமானத்தைத் திருப்ப வேண்டும் என்று அர்த்தம், இதைப் புதியவர்கள் அடிக்கடி தவறவிடுவார்கள். ஒரு துணைப்பகுதிக்குப் பக்கத்தில் 2x என்று இருந்தால் அதையே இரண்டு கட்ட வேண்டும். 8x என்று வந்தால் எட்டையும் ஒவ்வொன்றாக முடிக்காமல், எட்டுக்கும் முதல் படி, எட்டுக்கும் இரண்டாம் படி என்று வரிசையாகப் போங்கள். வேகமும் வரும், ஒன்று மாறினால் உடனே தெரியவும் தெரியும்.

அழுத்தும்போது கீழே இன்னொரு கையின் விரல்களைத் தாங்கலாக வையுங்கள். க்ளிக் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். உட்காரவில்லை என்றால் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள், இரண்டு துண்டுக்கும் நடுவில் கீற்றாக வெளிச்சம் தெரியும். ஒரு தளம் முடிந்ததும் உள்ளங்கையால் முழுவதும் ஒருமுறை அழுத்திவிட்டுத்தான் அடுத்த தளம்.

ஒட்டிக்கொண்டதைப் பிரிப்பது

பெரிய செட்டுகளில் ஆரஞ்சு நிறத்தில், ஆப்பு மாதிரி ஒரு கருவி வரும். துண்டு பிரிக்கும் கருவி அது, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் அடியைத் துண்டின் குமிழ்களில் மாட்டிக் கீழ்நோக்கி நெம்பினால் துண்டு தானாக எழும்பும். மெல்லிய முனையை டைலின் விளிம்புக்குக் கீழே நுழைக்கலாம். இரண்டு பிளேட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் மேலே ஒரு கருவி, கீழே ஒரு கருவி மாட்டி எதிரெதிராக அழுத்துங்கள், நொடியில் பிரியும். இரண்டு கருவி வைத்துக்கொள்வது அதற்குத்தான். பல்லால் கடிக்காதீர்கள், கத்தியும் வேண்டாம். துண்டில் விழுந்த தழும்பு போகவே போகாது.

இயந்திரம் பிடித்தவர்களுக்கு டெக்னிக்

கார், கிரேன், மண்வாரி இயந்திரங்கள் வரும் வரிசைக்கு டெக்னிக் என்று பெயர். இங்கே குமிழ் குறைவு, துளைகளும் அவற்றில் சொருகி இணைக்கும் பின்களும் அதிகம். 4,108 துண்டுகள் கொண்ட லீபெர் மண்வாரியை முதல் டெக்னிக் செட்டாக வாங்க வேண்டாம். ஐநூறு அறுநூறில் தொடங்குங்கள், ஏனென்றால் இங்கே பிழை செய்தால் வெளியே தெரியாது, ஓடாது.

இரண்டு விஷயத்தை மனதில் போட்டுக்கொண்டால் பாதிச் சிக்கல் குறையும். முதலாவது பின். கறுப்புப் பின் இறுக்கமானது, பிடித்து நிறுத்துவதற்கு. சாம்பல் அல்லது சந்தன நிறத்தில் வரும் அதே அளவுப் பின் வழுக்கிச் சுழலும், அசையும் மூட்டுக்கு. நிறம்தானே என்று மாற்றிப் போட்டால் கை மடங்க வேண்டிய இடத்தில் விறைத்து நிற்கும். இரண்டாவது அச்சு, அதாவது சக்கரமும் கியரும் மாட்டும் தண்டு. அதன் நீளத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம், புத்தகத்தில் அச்சின் படத்தை நிஜ அளவிலேயே அச்சிட்டிருப்பார்கள். துண்டைப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தால் முடிந்தது.

கியர்களின் கணக்கு எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. 8 பல் கியரின் ஆரம் 4 மி.மீ., 24 பல்லின் ஆரம் 12. இரண்டையும் கூட்டினால் 16, அதாவது சரியாக இரண்டு குமிழ் தூரம். 12 பல்லும் 20 பல்லும் சேர்ந்தாலும் அதே 16. 8 பல்லும் 40 பல்லும் என்றால் 24, மூன்று குமிழ். பல்லும் துளையும் எங்கே சந்திக்க வேண்டும் என்று முதலிலேயே யோசித்து வார்த்திருக்கிறார்கள்.

கியர்ப்பெட்டியை மூடுவதற்கு முன் விரலால் சுற்றிப் பாருங்கள். எங்கேயாவது சிக்கினால் அங்கேயே நிறுத்திச் சரிசெய்யுங்கள். மேலே உடல் கட்டிய பிறகு உள்ளே கை போகாது.

ஸ்டிக்கர்

கை கழுவித் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். ஸ்டிக்கரை விரலில் பிடிக்காமல் பிரிக்கும் கருவியின் மெல்லிய முனையில் லேசாக ஒட்டிக்கொண்டு, ஒரு மூலையை முதலில் பொருத்தி, பிறகு இறக்குங்கள். தூக்கத்தில் ஒட்டாதீர்கள்.

வைப்பது, துடைப்பது

வெயில்தான் முதல் எதிரி. லெகோ பிரிக்குகள் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. நேர் வெயில் படப்பட வெள்ளை மஞ்சளாகும், நீலம் மங்கும். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே எதையும் வைக்காதீர்கள். மூடிய காருக்குள் விட்டுவிட்டு மதியம் கடைக்குப் போகவும் வேண்டாம்.

தூசி நம் ஊரில் தவிர்க்க முடியாதது. கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி கிடைத்தால் நிம்மதி. இல்லையென்றால் வாரம் ஒருமுறை அகலமான, மிருதுவான ஓவியத் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டுங்கள். ஈரத்துணி வேண்டாம், குமிழ்களுக்கு நடுவே சேறாக அப்பிக்கொள்ளும். ரொம்ப அழுக்கானால் பிரித்து, மோட்டாரோ ஸ்டிக்கரோ இல்லாத துண்டுகளை மட்டும், 40 டிகிரிக்கு மேல் போகாத வெதுவெதுப்பான சோப்பு நீரில் அலசலாம். நிழலில், பழைய வேட்டித் துணியில் பரப்பிக் காயவிடுங்கள். அடியில் இருக்கும் குழாய்களுக்குள் நீர் தங்கும் என்பதால் ஒரு முழுநாளாவது ஆகும்.

இடம் மாற்றும்போது கூரையையோ கோபுரத்தையோ பிடித்துத் தூக்கக்கூடாது. அடித்தளத்துக்குக் கீழே இரண்டு கையும் போக வேண்டும். ஈபிள் கோபுரம் நாலு பகுதியாகப் பிரியும்படி அமைத்ததே அதைக் கொண்டுபோக முடிய வேண்டும் என்பதற்காகத்தான்.

முடித்த பிறகு

பெரும்பாலானவர்கள் அடுத்த பெட்டியை வாங்கப் போவார்கள். நான் சொல்வது, முடித்ததையே ஒருமுறை பிரித்து மறுபடி கட்டுங்கள். பின்னாலிருந்து முன்னாக, பை வாரியாகப் பிரித்து, ஜிப் பைகளில் போட்டு எண் எழுதினால் வேலை சுலபம். இரண்டாம் முறை படத்தைத் தேடுவதில் மனம் போகாது, வடிவமைத்தவர் ஏன் இப்படி வைத்தார் என்பதில் போகும். அதற்குச் செலவும் இல்லை.

அப்புறம் சொந்தமாகக் கட்டும் ஆசை வரும். அதற்கு மாக் என்று பெயர். ஒரே நிறத்தில் இரண்டுக்கு நாலு பிரிக் ஆறு இருந்தால் அவற்றை 91,51,03,765 விதமாகச் சேர்க்கலாம் என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் சோரன் ஐலர்ஸ் கணக்கிட்டிருக்கிறார். அதனால் கையில் இருக்கும் துண்டு போதாது என்று தயங்க வேண்டாம். கணினியில் கட்டிப் பார்க்க பிரிக்லிங்க் தளத்தின் ஸ்டுடியோ என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, எந்தத் துண்டு எத்தனை வேண்டும் என்ற பட்டியலையும் அதுவே கொடுத்துவிடும். உதிரித் துண்டுகளை அந்தப் பட்டியல்படி அங்கேயே வாங்கலாம். அஞ்சல் செலவு சேர்ந்துகொள்ளும் என்பதால் இரண்டு மூன்று மாத தேவையைச் சேர்த்து ஒரே கடையில் வாங்குங்கள்.

எதைக் கட்டுவது என்று தெரியாவிட்டால் உங்களுக்கு மனப்பாடமான ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லெகோ பொம்மை மனிதர் நாலு பிரிக் உயரம், சுமார் 4 செ.மீ. அவரை வாசலில் நிறுத்திவிட்டால் கதவு, படி, திண்ணை எல்லாவற்றின் அளவும் தானாக வந்துவிடும். நான் இப்போது தாத்தா வீட்டு முகப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். திண்ணைக்குச் சிவப்பு டைல் கிடைத்துவிட்டது. தூணுக்கு வட்டப் பிரிக். தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவில் வரும் போதிகைக்குப் பொருத்தமான வளைவு எதிலும் இல்லாமல் பல நாள் திணறி, கடைசியில் லெகோ வாழைப்பழத்தைக் கவிழ்த்து வைத்தேன், அச்சாக உட்கார்ந்தது. நாட்டு ஓட்டுக்குத்தான் இன்னும் துண்டு அமையவில்லை. அஞ்சறைப் பெட்டியைத் தினமும் ஒருமுறை கிளறிக்கொண்டிருக்கிறேன்.